கேபினுக்குள் ஒரு கண்: லாரி டிரைவர்கள் என்ன சொல்கிறார்கள்?

ஒரு வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் போதும். பரீட்சை ரிசல்ட் பார்க்க, ஆதாரில் முகவரி திருத்த, கல்யாண ஆல்பத்தை பென் டிரைவில் ஏற்ற என்று தெருவே தேடி வந்துவிடும். மலைக்கோவிலுக்கும் சமணச் சிற்பங்களுக்கும் பேர் போன எங்கள் சிதறாலிலும் இதே கதைதான். ஆனால் சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அண்ணன் கொண்டு வந்த வேலை, நான் அதுவரை பார்க்காதது. அவர் லாரி டிரைவர். கையில் நகம் அளவுக்கு ஒரு மெமரி கார்டு.

"தம்பி, இது உனக்க கம்ப்யூட்டர்ல ஓடுமா? வண்டியில வச்சிருக்க கேமராவுக்க கார்டு. ஆபீஸ்ல சொல்லிட்டுதான் எடுத்துட்டு வந்தேன். நான் ரெண்டு தடவை உறங்கினேனாம். பேட்டாவுல பிடிச்சுட்டானுவ. நான் உறங்கவே இல்ல கேட்டியா!"

அவருடைய லாரியில் இரண்டு கேமராக்கள் இருக்கின்றன. ஒன்று சாலையைப் பார்க்கிறது. இன்னொன்று அவர் முகத்தைப் பார்க்கிறது. இந்த இரண்டாவது கேமராதான் இன்று லாரி ஸ்டாண்டுகளில் சூடான பேச்சு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கார்டைத் திறப்போம்

உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு கார்டு வரலாம் என்பதால், நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். மைக்ரோ எஸ்டி கார்டை அடாப்டரில் செருகினேன். அடாப்டரின் ஓரத்தில் ஒரு சிறிய தள்ளு பொத்தான் இருக்கும். அதை 'லாக்' பக்கம் தள்ளிவிட்டால் கார்டில் உள்ளது தவறுதலாக அழியாது. பிறகு கார்டு ரீடரில் போட்டேன். கம்ப்யூட்டர் சில நேரம் 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்கும். எந்தக் காரணம் கொண்டும் சம்மதிக்காதீர்கள். உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும். நேராகக் கார்டிலிருந்தே படத்தை ஓட்டிப் பார்ப்பதைவிட, எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஃபோல்டருக்கு காப்பி செய்துவிட்டுப் பார்ப்பதே நல்லது.

ஒவ்வொரு ஃபைலும் மூன்று நிமிடம். ஒவ்வொன்றும் சுமார் 180 மெகாபைட். கணக்கு எளிதுதான். கேமரா வினாடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்கிறது. 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக வினாடிக்கு ஒரு மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிகாபைட். 64 ஜிபி கார்டில் சுமார் 17 மணி நேர ஓட்டம் அடங்கும். அதற்குமேல் ஓடினால் மிகப் பழைய ஃபைலை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதியதை எழுதும். இதை 'லூப் ரெக்கார்டிங்' என்பார்கள். அண்ணன் இன்னும் ஒரு டிரிப் போய்விட்டு வந்திருந்தால் நாங்கள் தேடியது இருந்திருக்காது.

ஒரு ஏமாற்றமும் காத்திருந்தது. கார்டில் இருந்தது சாலையைப் பார்க்கும் கேமராவின் படம் மட்டும். அவர் முகத்தை எடுத்த படம் கார்டில் இல்லை. அது வண்டியில் உள்ள சிம் கார்டு வழியாக நேராகக் கம்பெனியின் சர்வருக்குப் போய்விடுகிறது.

"எனக்க மூஞ்சிய எடுத்திருக்கானுவ. அத நான் பாக்க முடியாதா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எந்த மவுஸ் கிளிக்கிலும் பதில் இல்லை.

இரண்டு ஃபைல்கள்

போனில் வந்திருந்த எச்சரிக்கையில் நேரம் இருந்தது. முதலில் இரண்டாவது எச்சரிக்கையை எடுத்துக்கொண்டோம். மாலை ஐந்தரை மணி. காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழி நோக்கி வண்டி வருகிறது. இரு பக்கமும் காற்றாலைகள். மேற்கே இறங்கும் சூரியன் கண்ணாடி முழுக்கக் கொட்டுகிறது. வண்டியோ நூல் பிடித்தது போல் நேராக ஓடுகிறது. கண் கூசிச் சுருக்கியதைத்தான் கேமரா தூக்கம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அண்ணன் தொடையில் தட்டிக்கொண்டார். "பாத்தியா! நான் சொல்லேல்லியா?"

அடுத்தது முதல் எச்சரிக்கை. அதிகாலை 3.40. திண்டுக்கல் தாண்டி மதுரை ரோடு. திரையின் கீழே வேகம் 54 கிலோமீட்டர் என்று காட்டுகிறது. இடதுபக்க வெள்ளைக் கோடு மெல்ல மெல்ல வண்டிக்கு அடியில் போகிறது. தூரத்தில், ஓரமாக நிறுத்தியிருந்த ஒரு லாரியின் சிவப்பு ஸ்டிக்கர்கள் மின்னுகின்றன, பெரிதாகிக்கொண்டே வருகின்றன. 'பீப் பீப்' என்று சத்தம். வண்டி வலதுபக்கம் வெட்டித் திரும்புகிறது.

54 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 15 மீட்டர். இரண்டு வினாடி கண் மூடினால் 30 மீட்டர் பார்வையில்லாமல் ஓடியாயிற்று.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இன்னொரு தடவை போடு" என்றார். போட்டேன். "இத வீட்டுல சொல்லாத தம்பி" என்றார். இன்று அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

கேமராவுக்கு எப்படித் தெரிகிறது?

டிரைவரைப் பார்க்கும் கேமரா, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துகிறது. அதனால் இருட்டிலும் முகம் தெரியும். பல கூலிங் கிளாஸ்களைத் தாண்டியும் கண் தெரியும். உள்ளே இருக்கும் சிறிய கம்ப்யூட்டர், இமைகள், வாய், தலை ஆகியவற்றின் நிலையைத் தொடர்ந்து அளக்கிறது. 'பெர்க்ளோஸ்' என்று ஒரு அளவு உண்டு. குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு பங்கு நேரம் கண் 80 சதவீதத்துக்கு மேல் மூடியிருந்தது என்பதே அது. தூக்கக் கலக்கத்தைக் கணிக்க ஆராய்ச்சியாளர்கள் வெகு காலமாகப் பயன்படுத்தும் அளவு இது.

நாள் முழுக்க எடுத்த படத்தை யாரும் சர்வருக்கு அனுப்புவதில்லை. பத்து மணி நேரம் என்றால் 36 ஜிபி ஆகிவிடும்! ஏதாவது எச்சரிக்கை வரும்போது அதற்கு முன்னும் பின்னுமாகச் சில வினாடிகளை மட்டும் வெட்டி அனுப்பும். ஆனால் சில மாடல்களில் ஆபீசில் இருந்தபடியே கேபினை நேரலையாகப் பார்க்கும் வசதியும் இருக்கிறது. பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

டிரைவர்கள் சொல்வது

மார்த்தாண்டத்திலும் களியக்காவிளை ரோட்டிலும் டீக்கடைகளில் பல டிரைவர்களிடம் பேசினேன். சாலையைப் பார்க்கும் கேமராவை யாருமே குறை சொல்லவில்லை. "பைக்காரன் வந்து இடிச்சாலும் பெரிய வண்டிக்காரன்தான் குத்தவாளி. இப்போ படம் இருக்கு" என்றார் ஒருவர். எல்லை தாண்டினால் கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் ரோட்டோர ஏஐ கேமராக்கள் அபராதம் போடுகின்றன. 726 கேமராக்கள் கொண்ட திட்டம் அது. அதையும் பழகிக்கொண்டோம் என்கிறார்கள்.

முகத்தைப் பார்க்கும் கேமரா என்றதும் பேச்சு மாறிவிடுகிறது. "கேபின் எங்களுக்கு வீடு. அங்கதான் உறங்குதோம், சட்டை மாத்துதோம், பிள்ளைகளுக்கிட்ட பேசுதோம். வண்டி நிக்கும்போதும் அது முழிச்சுக்கிட்டு இருக்கா, தெரியல" என்றார் ஒரு டேங்கர் டிரைவர். "எனக்க கண்ணே சின்னது. அதுக்கு நான் என்ன செய்ய?" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை.

வயதான ஒருவர் சொன்னதுதான் மனதில் நின்றது. "முன்னால கிளீனர் பையன் பக்கத்துல இருப்பான். கண்ணு சொருகினா பாட்டுப் பாடுவான், டீ வாங்கித் தருவான். ஆனா முதலாளிக்கிட்ட போட்டுக் கொடுக்க மாட்டான்."

அவர் சொன்னதில் கணக்கும் இருக்கிறது. நேஷனல் பெர்மிட் லாரியில் இரண்டு டிரைவர்கள் கட்டாயம் என்ற விதி 2018 நவம்பரில் நீக்கப்பட்டது. பக்கத்து சீட்டு காலியாகிவிட்டது. கண்ணாடிக்கு மேலே கேமரா வந்துவிட்டது. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. நான் பேசிய டிரைவர்களில் ஒருவர்கூட அப்படி ஓட்டுவதாகச் சொல்லவில்லை.

வெளிநாட்டிலும் இதே குரல்

அமெரிக்காவில் ஏடிஆர்ஐ என்ற போக்குவரத்து ஆய்வு நிறுவனம் 2023-ல் முகம் பார்க்கும் கேமரா உள்ள டிரைவர்களிடம் மதிப்பெண் கேட்டது. பத்துக்கு சராசரியாக 2.24 தான் கிடைத்தது. வண்டிக்குள் அவர்கள் உட்காரும் சீட் வேறு, மனக்குறை ஒன்றுதான்.

ஐரோப்பிய யூனியன் வேறு வழியில் போயிருக்கிறது. 2024 ஜூலை முதல் அங்கே விற்கும் புதிய கார், பஸ், லாரிகளில் தூக்க எச்சரிக்கை வசதி கட்டாயம். ஆனால் அதன் சட்டத்திலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது. தேவைக்கு மேல் தொடர்ந்து பதிவு செய்யக் கூடாது. தகவலை வேறு யாருக்கும் தரக் கூடாது. வேலை முடிந்ததும் உடனே அழித்துவிட வேண்டும். அதாவது கேமரா டிரைவரை எழுப்பலாம், ஊருக்குச் சொல்லக் கூடாது.

நம் நாட்டிலும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 மார்ச்சில் ஒரு வரைவு அறிவிப்பை வெளியிட்டது. புதிய பஸ், லாரிகளில் தூக்கத்தையும் கவனக் குறைவையும் எச்சரிக்கும் கருவி வேண்டும் என்பது அதில் ஒரு அம்சம். ஆகவே இன்று சில கம்பெனிகளில் இருப்பது நாளை புதிய லாரிகளுக்கெல்லாம் வரலாம். 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. ஆனால் வேலை தொடர்பான தேவைகளுக்காக, ஊழியரின் தனிச் சம்மதம் இல்லாமலே தகவலைக் கையாள அது முதலாளிக்கு இடம் தருகிறது. எனவே கேட்டுப் பெற வேண்டியதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. கேமரா எச்சரிக்கை மட்டும் தருகிறதா, படமும் அனுப்புகிறதா?

2. படம் எங்கே போகிறது? கார்டுக்கா, சர்வருக்கா? யார் யார் பார்க்கலாம்?

3. எத்தனை நாள் வைத்திருப்பார்கள்?

4. வண்டியை நிறுத்திவிட்டு ஓய்வெடுக்கும்போது அணைந்துவிடுமா?

5. என் மேல் குற்றம் சொன்னால் அந்தப் படத்தை எனக்குக் காட்டுவார்களா?

இவை லாரிக்கு மட்டுமல்ல. உங்கள் கடையில் சிசிடிவி வைத்தாலும், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் மகளின் லேப்டாப் கேமராவை ஆபீஸ் ஆன் செய்யச் சொன்னாலும் இதே கேள்விகளைக் கேட்கலாம். ஐந்தாவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பிறகு என்ன ஆயிற்று?

ஆரல்வாய்மொழி ஃபைலை மட்டும் பென் டிரைவில் காப்பி செய்து, நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஆபீசில் பார்த்துவிட்டு அந்தப் பிடித்தத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 3.40 மணிப் பிடித்தத்தைப் பற்றி அண்ணன் வழக்குப் பேசவில்லை. ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டாராம். "காலையில ஒம்பது மணிக்கு பெங்களூர்ல லோடுக்கு வண்டிய நிறுத்தினேன். சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் ஏத்தினீங்க. அந்த ஒம்பது மணி நேரம் எந்தக் கேமராவுல இருக்கு?" அதற்குப் பதில் வரவில்லை.

அண்ணன் இப்போது ஒரு சின்ன டைரி வைத்திருக்கிறார். லோடுக்கு நின்ற நேரம், கிளம்பிய நேரம், தூங்கிய நேரம் எல்லாம் எழுதுகிறார். போன மாதம் மகளின் படிப்புக்காக அவர்கள் வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார்கள். நான் அந்தப் பெண்ணுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது பெயின்ட்டும் அல்ல, கேமும் அல்ல. மெமரி கார்டை லாக் செய்து, ஃபைல்களைத் தேதி வாரியாக அடுக்கி, காப்பி எடுப்பது எப்படி என்பதைத்தான். ஒவ்வொரு டிரிப் முடிந்ததும் அப்பாவின் கார்டை இப்போது அவளே பார்த்துக்கொள்கிறாள்.