குரூப்பில் போட்டால் வேலை முடிந்ததா?

செல்போன் இல்லாத கடை இன்று இல்லை. கடைக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப், குடோனுக்கு ஒன்று, லைன் வண்டிக்கு ஒன்று, சங்கத்துக்கு ஒன்று, சொந்தபந்தங்களுக்கு ஒன்று என்று நம் வணிகப் பெருமக்கள் ஒவ்வொருவர் கையிலும் பத்துக்குக் குறையாமல் குரூப்புகள் இருக்கின்றன. செய்தி போகும் வேகம் கூடியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. வேலையும் அதே வேகத்தில் நடக்கிறதா என்று கேட்டால், தயங்காமல் ஆம் என்று சொல்லக் கூடியவர்கள் சிலரே. எங்கள் கடையில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறோம்.

2023ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்தின வாரம். பதினெட்டு வருடமாக எங்களிடம் சரக்கு எடுக்கும் கிராமத்துக் கடைக்காரர் ஒருவர் இரவு ஒன்பதரை மணிக்குக் குரல் பதிவாக ஆர்டர் அனுப்பினார். மைதா, சர்க்கரை, கடலை மாவு, பாமாயில், நெய் என்று பதினொரு அயிட்டம். கவுண்டரில் இருந்த பையன் அதை அப்படியே கடை குரூப்பில் தள்ளிவிட்டான். குடோன் பொறுப்பாளர் கட்டைவிரல் படம் போட்டார். வண்டி ஓட்டுநர் ஒரு கட்டைவிரல் போட்டார். நாங்களும் எங்கள் பங்குக்கு ஒன்று போட்டோம். அதற்குக் கீழே ஒருவர் முருகன் படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னார். இன்னொருவர் சோப்புக் கம்பெனியின் ஆஃபர் நோட்டீஸைப் போட்டார். மறுநாள் மாலைக்குள் அந்த ஆர்டர் அறுபது செய்திகளுக்கு மேலே எங்கோ போய்விட்டது. சரக்கு போகவில்லை.

விசாரித்துப் பார்த்தால் தனியாக ஒருவர் மேல் குற்றம் சொல்ல முடியவில்லை. குடோன்காரர் போட்ட கட்டைவிரலுக்கு, "பார்த்துவிட்டேன், பில் வந்தால் எடுத்துவைக்கிறேன்" என்று பொருள். பையன் அதை, "எடுத்துவைத்தாயிற்று, பில்லையும் அவரே கேட்டு வாங்கிக்கொள்வார்" என்று புரிந்துகொண்டான். ஓட்டுநருக்கு, "ஏற்றினால் கொண்டுபோகிறேன்." எங்கள் கட்டைவிரலுக்கு ஒரு பொருளும் கிடையாது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

போன் செய்து வருத்தம் தெரிவித்தபோது அவர், "பரவாயில்லை அண்ணாச்சி, வேலை நெருக்கடியில வர்றதுதானே" என்றார். அடுத்த வாரம் நேரில் வந்து பழைய பாக்கி முழுவதையும் பைசா மிச்சமில்லாமல் கட்டிவிட்டுப் போனார். பாக்கி வைத்துப் புழங்குகிறவர், கேட்காமலே முழுக் கணக்கையும் தீர்த்தால் அதற்கு என்ன பொருள் என்று நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இதோடு நிற்கவில்லை. ஆத்திரத்தில் குடோன் பொறுப்பாளரைக் குரூப்பிலேயே கடிந்து எழுதிவிட்டோம். பதினான்கு பேர் படித்தார்கள். மறுநாள் காலை குடோன் சாவி கல்லாப் பெட்டி மேல் இருந்தது. ஒன்பது வருடம் இருந்தவர். அவரைத் திரும்ப அழைத்துவர அவர் வீட்டு வாசலுக்கு இரண்டு முறை போக வேண்டியிருந்தது.

இதற்குப் பிறகுதான் எங்கே தவறினோம் என்று உட்கார்ந்து யோசித்தோம். நம் முன்னோர் கணக்கு எழுதிய முறையை நினைத்துப் பார்த்தால் விடை அங்கேயே இருக்கிறது. வந்தது வரட்டும் என்று கிறுக்கிவைக்கச் சிட்டை. அன்றன்றைய வரவு செலவுக்கு நாள்வழி. ஆள்வாரியாகப் பார்க்கப் பேரேடு. சிட்டையில் இருப்பதைப் பேரேட்டில் ஏற்றாமல் கணக்கப்பிள்ளை வீட்டுக்குப் போகமாட்டார். வாட்ஸ்அப் குரூப் என்பது சிட்டை. நாமோ அதையே பேரேடாக வைத்துக்கொண்டு கடை நடத்துகிறோம்.

பெரிய கம்பெனிகளில் இந்தக் காரியத்துக்கென்றே ஸ்லாக், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் என்று மென்பொருள்கள் இருக்கின்றன. 2020 ஊரடங்கின்போது ஆபீஸ்காரர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தது பெரும்பாலும் இவற்றை வைத்துத்தான். பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் மளிகைக் கடைக்கு அவை தேவையில்லை என்பது எங்கள் கருத்து. ஆனால் அவற்றில் உள்ள ஒரு பழக்கத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம். பேச்சு ஓரிடம், வேலைப் பட்டியல் வேறிடம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு ஆளின் பெயர்.

இந்தப் பட்டியல் முறையின் பூர்வீகம் நம் தொழிலிலேயே இருப்பதைச் சொன்னால் பலருக்கு வியப்பாக இருக்கும். ஜப்பானின் டொயோட்டா கார் கம்பெனியில் தாயிச்சி ஓனோ என்ற பொறியாளர் இருந்தார். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் வாடிக்கையாளர் எடுத்த அளவுக்குத்தான் அலமாரியை மறுபடி நிரப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதையே தொழிற்சாலையில் செய்து பார்த்தார். 1956இல் அமெரிக்கா சென்று அந்தக் கடைகளை நேரிலும் கண்டார். பாகம் தேவைப்படும் இடத்திலிருந்து ஓர் அட்டை பின்னால் போகும். அட்டை வந்தால்தான் அங்கே அடுத்த பாகத்தைச் செய்வார்கள். 'கான்பன்' என்று அதற்குப் பெயர். 2011இல் வந்த ட்ரெல்லோ போன்ற மென்பொருள்களில் திரையில் நகரும் அட்டைகள் எல்லாம் அந்த அட்டையின் வாரிசுகளே. மளிகை அலமாரியில் பிறந்த யோசனை கார் கம்பெனிக்கும் கம்ப்யூட்டருக்கும் போய் நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது! அட்டையின் சிறப்பு என்னவென்றால், அது ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் இருக்க முடியும். குரூப்பில் தள்ளிய ஆர்டர் பதினான்கு பேர் கையிலும் இருக்கிறது. ஆகவே யார் கையிலும் இல்லை.

நாங்கள் எடுத்துக்கொண்டது கூகுள் ஷீட்ஸ். காசு கிடையாது. கட்டம் போட்ட நோட்டு போலவே இருக்கும். கடையிலும் குடோனிலும் வண்டியிலும் இருப்பவர்கள் ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் பார்க்கலாம். எதை யார் எப்போது மாற்றினார் என்ற விவரமும் அதிலேயே பதிவாகிவிடுவதால், 'நான் அழிக்கவில்லை' என்ற வழக்குக்கு இடமில்லை. யார் எழுதலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம் என்பதையும் பிரித்துக் கொடுக்கலாம். ஆரம்பத்தில் உற்சாகத்தில் பதினேழு கட்டம் போட்டோம், ஒருவரும் நிரப்பவில்லை. இப்போது ஆறுதான்: தேதி, கடை பெயர், பில் எண், எடுத்துவைப்பவர், வண்டி, சேர்ந்த நேரம். குடோன் பொறுப்பாளருக்கு டைப் அடிப்பது சிரமம். அவர் தம் பெயரின் முதலெழுத்தை மட்டும் போடுகிறார். அது போதும்.

வாட்ஸ்அப்பைக் கைவிடவில்லை. வாடிக்கையாளர் இருக்குமிடம் அது; நாமும் அங்கேதான் இருக்க வேண்டும். குரல் பதிவில் ஆர்டர் வந்தால் கவுண்டரில் இருப்பவர் முழுவதும் கேட்டு, அயிட்டம், அளவு என்று எழுத்தில் திருப்பி அனுப்ப வேண்டும். "எண்ணெய் ஒரு பெட்டி" என்றால் அரை லிட்டரா, ஒரு லிட்டரா என்ற கேள்வி அப்போதே தீர்ந்துவிடும். கடைக்காரர் சரி என்றதும் பில், பிறகு ஷீட்டில் வரிசை. 2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸில் புது ஆர்டர், பணம் வரவேண்டியது, முடிந்தது என்று ஒவ்வொரு வாடிக்கையாளர் பேச்சிலும் அடையாளச் சீட்டு ஒட்டும் வசதி உண்டு. அதையும் பயன்படுத்துகிறோம்.

விலை மாற்றத்துக்குத் தனிக் குரூப் வைத்திருக்கிறோம். அட்மின் மட்டுமே எழுத முடியும்படி அமைத்துவிட்டதால் அதில் காலை வணக்கமும் கிடையாது, சாமி படமும் கிடையாது. மூட்டை விலை ஏறிய நாளில் அரை நாள் பழைய விலைக்கே துவரம் பருப்பை விற்ற கதை எல்லாக் கடையிலும் உண்டு. எங்கள் கடையில் இப்போது அது நின்றிருக்கிறது. கடைக் குரூப்பில் கட்டைவிரலுக்குத் தடை. வேலையை எடுத்துக்கொள்பவர், "நான், 11 மணிக்குள்" என்று எழுத வேண்டும். இரவு ஒன்பதரைக்கு மேல் சிப்பந்திகளுக்குச் செய்தி அனுப்புவதில்லை; கடை போனுக்கு வரும் ஆர்டர்கள் காலையில் பிரித்துக் கொடுக்கப்படும். யாரையும் குரூப்பில் கடிந்துகொள்வதில்லை என்பதை நாங்கள் எங்களுக்கே போட்டுக்கொண்ட தடையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் எப்படிப் பிரிப்பது? கடை திறந்து சாம்பிராணி காட்டியதும் எல்லோரும் நின்றபடியே பத்து நிமிடம் பேசுகிறோம். நேற்றுப் பட்டியலில் நின்றுபோனது எது, இன்று தீர்ந்துபோகக் கூடிய சரக்கு எது, இன்றைய ஆர்டர்கள் யார் யாருக்கு என்பவை மட்டுமே. முதல் நாள் நாற்பது நிமிடம் ஆனது, ஏனென்றால் பேச்சு தீபாவளி போனஸுக்குப் போய்விட்டது. ஒன்பது பேர் நாற்பது நிமிடம் நின்றால் ஆறு மணி நேர வேலை என்று கணக்கப்பிள்ளை கணக்குப் போட்டுக் காட்டினார். சம்பளம், லீவு, மனத்தாங்கல் எல்லாம் தனியே உட்கார்ந்து பேச வேண்டியவை என்று அன்றே முடிவாயிற்று. சொல்வதை முதலாளி மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால் அதற்குக் கூட்டம் என்று பெயரில்லை. எங்கள் கடையில் முதலில் பேசுபவர் குடோன்காரர். இருப்பு அவருக்குத்தான் தெரியும்.

நம் சங்கக் கூட்டங்களையும் இந்த இடத்தில் விட்டுவிட முடியாது. ஆறு மணி என்று அச்சிட்டு ஏழேகாலுக்குத் தொடங்குகிறோம். ஆறுக்கே வந்தவர் அடுத்த முறை ஏழேகாலுக்கு வருகிறார். பார்க்கின்சன் என்ற ஆங்கில அறிஞர் 1957இல் வெளியான தம் புத்தகத்தில் ஒரு கமிட்டியைக் கேலியாக வர்ணித்திருப்பார். அணு உலை கட்டும் திட்டம் சில நிமிடங்களில் நிறைவேறிவிடும். சைக்கிள் ஷெட்டுக்கு முக்கால் மணி நேரம் வாதம் நடக்கும். சைக்கிள் ஷெட் எல்லோருக்கும் புரியும் அல்லவா! நம் கூட்டங்களில் ஆண்டு விழாச் சாப்பாட்டுக்கு ஆகும் நேரத்தையும் வரவு செலவுக் கணக்குக்கு ஆகும் நேரத்தையும் அன்பர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கணக்கையும் பேச வேண்டிய பொருள்களையும் இரண்டு நாள் முன்பே சங்கக் குரூப்பில் போட்டுவிட்டால் வாசிக்கும் நேரம் மிச்சம். தீர்மானத்துக்குக் கீழே செய்து முடிக்க வேண்டியவர் பெயரும் தேதியும் இருக்கட்டும். அடுத்த கூட்டத்தில் முதலில் அதையே படிக்கலாம்.

சில எச்சரிக்கைகளும் அவசியம். 2021 அக்டோபர் 4 அன்று வாட்ஸ்அப் உலகம் முழுவதும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நின்றுபோனது நினைவிருக்கும். நமக்கு அது இரவு நேரமாக இருந்ததால் தப்பினோம். காலை நேரமாக இருந்திருந்தால்? ஆகவே கடை சாத்துமுன் நிலுவை ஆர்டர்களை ஒரு நோட்டில் கையால் எழுதிவைக்கிறோம். யாருடைய கடன் பாக்கியையும் குரூப்பில் போடக் கூடாது. அது நாலு பேர் கையில் நாலு ஊருக்குப் போகும். வேலையை விட்டுப் போகிறவரை அன்றைக்கே குரூப்பிலிருந்தும் ஷீட்டிலிருந்தும் நீக்கிவிட வேண்டும். செய்திகள் தாமாக மறையும்படி அமைத்திருந்தால் கடைக் குரூப்பில் அதை நிறுத்திவிடுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, ஆண்டு ரிட்டனுக்கு உரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் பாதுகாக்க வேண்டும் என்பதால், குரூப்பில் இருக்கிறதே என்று பில்லையும் புத்தகத்தையும் அலட்சியம் செய்ய இயலாது.

அந்தக் கிராமத்துக் கடைக்காரரைப் பார்க்கப் பொங்கலுக்குப் போயிருந்தோம். நன்றாக உபசரித்தார், வியாபாரம் பற்றிப் பேசவில்லை. நான்கு மாதம் கழித்து இரண்டு மூட்டை சர்க்கரைக்கு மட்டும் ஆர்டர் வந்தது. மற்ற சரக்கு இன்னும் வேறு இடத்தில்தான் எடுக்கிறார்.

எங்கள் கடையின் ஆறு கட்டப் பட்டியலின் மாதிரியைச் சங்க அலுவலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறோம். செல்போன் வேண்டாம், நோட்டிலேயே எழுதிக்கொள்கிறோம் என்பவர்களுக்கும் அது பொருந்தும். தேவைப்படும் உறுப்பினர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.