கைப்பேசிவழிப் பணம்

பண்டை நாளில் உமணர் உப்பைக் கொடுத்து நெல்லைப் பெற்றனர். பின்னர் நாணயமும், அதன்பின் தாளும் பண்டங்களுக்கு ஈடாக வழங்கின. 1880ஆம் ஆண்டில் நம் நாட்டு அஞ்சலகங்கள் மணியார்டர் அனுப்பும் பணியைத் தொடங்கின. இக்காலத்திலோ பணம் கண்ணுக்குப் புலனாகாத கணக்காகிக் கைப்பேசிவழிச் செல்கின்றது. இம்மாற்றம் எங்ஙனம் வேரூன்றியது என்பதை ஆராய்வோம்.

ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா நாட்டில் 2007ஆம் ஆண்டில் 'எம்-பெசா' என்னும் பணி தோன்றியது. 'பெசா' என்பது சுவாகிலி மொழியில் பணத்தைக் குறிக்கும். அந்நாட்டுச் சிற்றூர்களில் வங்கிகள் அரியன. கைப்பேசியோ பலரிடம் இருந்தது. நகரில் உழைத்தோர் முகவர் கடையில் பணத்தைக் கட்டிக் குறுஞ்செய்தி வழியே ஊருக்கு அனுப்பினர். ஊரிலுள்ளோர் அங்குள்ள முகவரிடம் அதனைப் பெற்றனர்.

நம் நாட்டில் அது வளர்ந்த வழி வேறு. 2014ஆம் ஆண்டில் தொடங்கிய ஜன் தன் திட்டம் ஏழை மக்கள் பலருக்கு வங்கிக் கணக்கை அளித்தது. 2016 ஏப்ரலில் 'யுபிஐ' என்னும் அமைப்பு அறிமுகமாயிற்று. அதனால் ஒரு வங்கியில் கணக்குடையவர் வேறொரு வங்கிக் கணக்கிற்கு நொடிப்பொழுதில் பணம் அனுப்ப இயன்றது. அவ்வாண்டு நவம்பர் 8ஆம் நாள் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லா என அறிவிக்கப்பட்டமையும், இணையக் கட்டணம் குறைந்தமையும் மக்களை இதன்பால் ஈர்த்தன. 2022ஆம் ஆண்டு முதல் இணையமில்லாக் கைப்பேசிக்கும் இவ்வசதி கிட்டிற்று.

ஆவடிக் கடைத்தெருவில் இன்று கீரை விற்கும் வண்டியிலும் கியூஆர் அட்டையைக் காணலாம். சில்லறைக்கு அலையும் தொல்லை குறைந்தது. தொகை வந்து சேர்ந்தவுடன் சிறு ஒலிப்பெட்டி அதனைத் தமிழில் அறிவிக்கும். எழுத்தறியா வணிகரும் அக்குரலை நம்பிப் பண்டத்தைத் தருகின்றனர். இந்நம்பிக்கையே இம்முறையின் ஆணிவேர்.

அவ்வேரை அரிக்கும் புழுவும் உண்டு. "பணம் தருகிறேன், இரகசிய எண்ணை அழுத்துக" என்பான் வஞ்சகன். அழுத்திய அளவில், பலநாள் உழைத்துச் சேர்த்த பொருள் அவன்பாற் செல்லும். பணம் அனுப்புவதற்கே அவ்வெண் வேண்டும், பெறுவதற்கு வேண்டா. ஏமாற்றப்பட்டோர் காலந்தாழ்த்தாது 1930 என்னும் எண்ணில் முறையிடல் வேண்டும்.

மாணவர்களே! கைப்பேசியில்லா முதியோர் நீட்டும் நாணயத்தை இகழாதீர்கள். புதுமுறையை விரும்பும் பெரியோர்க்கு அதன் பயனோடு காவலையும் பொறுமையுடன் கற்பியுங்கள். கற்றார் கடமை அதுவேயாம்.