கோடை விடுமுறைப் பயணம்: குழந்தையின் வயதும் குடும்பத்தின் கணக்கும்

தென் மாநிலங்கள் சிலவற்றில் ஏப்ரல் இறுதியில் பள்ளிகள் மூடப்படுகின்றன. தில்லி போன்ற வட இந்திய நகரங்களிலோ மே மாதத்தின் நடுவில்தான் விடுமுறை தொடங்குகிறது. ஆகவே ஏப்ரல் முதல் ஜூன் வரை ரயில்களிலும் மலை நகர விடுதிகளிலும் நெரிசலுக்குக் குறைவில்லை. இக்காலத்தில் வெளியூர் செல்ல விரும்பும் வாடிக்கையாளர்கள் பலர் எங்களிடம் முதலில் கேட்பது தனிநபர் கடனைப் பற்றியே. கடனுக்கு முன்பாகச் செலவின் கணக்கைப் பார்ப்போம். சிறு குழந்தைகள் உள்ள குடும்பத்தில் அக்கணக்கைப் பெரிதும் மாற்றுவது குழந்தையின் வயதாகும்.

சென்னையிலிருந்து சிம்லா செல்ல எண்ணும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பெற்றோர் இருவர், ஏழு வயதிலும் மூன்று வயதிலும் இரு குழந்தைகள். ஐந்து வயது நிறையாத குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டாமெனில் ரயிலில் கட்டணம் இல்லை. படுக்கை கேட்டால் பெரியவருக்குரிய முழுக் கட்டணம் உண்டு. ஐந்து வயது முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குப் படுக்கை வேண்டாமெனில் அரைக் கட்டணம், வேண்டுமெனில் முழுக் கட்டணம். 2016 ஏப்ரலுக்கு முன் அரைக் கட்டணத்திலேயே முழுப் படுக்கை கிடைத்தது. அதை நினைவில் வைத்துக் கணக்கிடுவோர் இன்றும் உள்ளனர்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் தில்லி சென்றடைய இரண்டு இரவுகளும் ஒரு பகலும் ஆகின்றன. ஏழு வயதுக் குழந்தைக்குப் படுக்கை வாங்காமல் விட்டால், அவ்விரண்டு இரவுகளும் பெற்றோரில் ஒருவர் உறக்கமின்றிக் கழிக்க நேரிடும். இந்தச் சிக்கனம் தேவையற்றது என்பதே எங்கள் கருத்து. தில்லியிலிருந்து கால்காவுக்குப் பகலில் இருக்கை வண்டியில் செல்வதாயின் அரைக் கட்டண வாய்ப்பே கிடையாது. கால்காவிலிருந்து சிம்லா வரை 1903-இல் அமைக்கப்பட்ட சிறு பாதை 96 கிலோமீட்டர் நீளமுடையது. நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கங்களைக் கடக்கும் அவ்வண்டிக்கு ஐந்து மணி நேரத்துக்கும் அதிகமாகத் தேவைப்படுகிறது. குழந்தைகள் சிம்லாவை மறந்தாலும் அச்சுரங்கங்களை மறப்பதில்லை.

விமானத்தில் இரண்டு வயது நிறையாத குழந்தை பெற்றோர் மடியில் அமர்ந்து செல்லலாம். பயணத்தின் இடையே இரண்டாம் பிறந்தநாள் வந்துவிட்டால், திரும்பும்போது தனி இருக்கை வாங்க வேண்டும். வயதுச் சான்றின் நகலைக் கையில் வைத்திருப்பது நன்று.

ரயில் முன்பதிவு, பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன்பு தொடங்குகிறது. 2024 நவம்பர் வரை இது 120 நாட்களாக இருந்தது. அந்த வாய்ப்பைத் தவறவிட்டுத் தட்கலை நம்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிறு குழந்தைக்குப் புறப்படும் நாளன்று காய்ச்சல் வருவது அரிதன்று. உறுதி செய்யப்பட்ட தட்கல் சீட்டை ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்காது.

இனிப் பணம் திரட்டும் வழி. ஜூலையில் தொடங்கி மாதம் 4,000 ரூபாய் வீதம் பத்து மாதங்கள் தொடர் வைப்பில் செலுத்தினால், ஏப்ரல் இறுதிக்குள் 40,000 ரூபாயும் அதற்குரிய வட்டியும் சேரும். அத்தொகைக்குள் சிம்லா அடங்காவிடில் அருகிலுள்ள ஓரிடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள நினைவுச் சின்னங்களில் பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஐந்து நாட்களில் ஐந்து ஊர்களைச் சுற்றுவதைவிட, ஓரிடத்தில் தங்கிக் குழந்தையை ஓடவிடுவது செலவிலும் களைப்பிலும் குறைவானது.

கடன் அட்டையில் செலவழித்துவிட்டு, குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்துவோரின் நிலை வேறு. முழு நிலுவையையும் உரிய நாளில் செலுத்தாவிடில் வட்டியில்லாக் காலம் பறிபோகிறது. செலவு செய்த நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படுகிறது. புதிதாக வாங்கும் பொருளுக்கும் அதே நிலைதான். ஜூனில் பள்ளிக் கட்டணமும் சீருடையும் காத்திருக்கையில் இச்சுமை கனமாகத் தெரியும்.

பயணத்துக்கெனத் தனியே ஒரு சேமிப்புக் கணக்கு வைத்து, அதை மட்டும் யு.பி.ஐ. செயலியுடன் இணைப்பது பயன் தரும். அலைபேசி தொலைந்தாலும் மோசடி நேர்ந்தாலும் குடும்பத்தின் முழுச் சேமிப்பும் ஆபத்துக்கு உள்ளாகாது. அட்டையில் இணையப் பரிவர்த்தனையை நிறுத்தவும் உச்சவரம்பைக் குறைக்கவும் வசதி உண்டு. மலைப்பகுதிகளில் அலைபேசித் தொடர்பு அறுபடுவதால், சிறிது ரொக்கத்தைப் பெற்றோர் இருவரும் பிரித்து வைத்துக்கொள்ளலாம்.

விடுமுறைக் காலம் மோசடியாளர்களுக்கும் அறுவடைக் காலமாகும். பெயர் பெற்ற விடுதியின் படங்களைப் போட்டுப் போலி இணையதளம் அமைத்து முன்பணம் பெறுவது ஒரு முறை. முன்பதிவை ரத்து செய்தோர், இணையத்தில் தேடிக் கண்ட போலி உதவி எண்ணை அழைத்துச் சிக்குவது மற்றொன்று. பணம் திருப்பித் தருவதாகக் கூறி கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்யவோ ரகசிய எண்ணை இடவோ சொல்வார்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அதை இட்டால் பணம் நம் கணக்கிலிருந்தே வெளியேறும். விடுதியில் குழந்தைகளுக்கு உணவு ஊட்டிக்கொண்டே இத்தகைய அழைப்புகளுக்குப் பதில் சொல்வதைத் தவிர்க்க வேண்டும். கவனம் சிதறிய வேளையைத்தான் மோசடியாளர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

பணம் பறிபோனது தெரிந்தவுடன், ஊர் திரும்பும் வரை காத்திராமல், 1930 என்னும் தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்துப் பதிவு செய்யுங்கள். வங்கிக்கும் அதே வேளையில் தெரிவியுங்கள். வாடிக்கையாளரே ரகசிய எண்ணைப் பகிர்ந்திருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பின் நிகழும் இழப்பு அவரைச் சாராது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. விடுமுறை நாளாயினும் புகாரைப் பெறும் தொலைபேசி எண் அட்டையின் பின்புறத்தில் அச்சிடப்பட்டுள்ளது. அட்டையே தொலைந்தால் அவ்வெண்ணும் போய்விடும் என்பதால், புறப்படுமுன் அதைத் தனித்தாளில் எழுதி வீட்டுப் பெரியவர் ஒருவரிடமும் கொடுத்துச் செல்லுங்கள்.