உறைபனி இரவும் ஒரு கறிவேப்பிலைக் கன்றும்



2006-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனைக்குப் புறப்பட்டு டெல்லியில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தபோது, முன்னிருந்த புல்தரைக்கு யாரோ இரவோடு இரவாகச் சுண்ணாம்பு பூசியதுபோல் காணப்பட்டது. திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்த எங்களுக்கு உறைபனி என்பது, மன்னா தரையில் கிடந்த விதத்தை வேதத்தில் வாசிக்கும்போது கடந்துபோன ஒரு சொல்லாகவே இருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதன் அழகைச் சொல்லாமல் அப்பாற்செல்ல மனம் வரவில்லை. ஒவ்வொரு புல்லின் ஓரத்திலும் ஊசிமுனைபோல் வெண்படிகங்கள் வரிசையாய் நின்றன. வேலியிலிருந்த சிலந்திவலை வெள்ளிக்கம்பியாய் மாறியிருந்தது. பனித்துளி விழுந்து உறைவதனால் மட்டும் இக்கோலம் உண்டாவதில்லை. காற்றிலுள்ள நீராவி, நீராகாமலே நேரே பனிக்கட்டியாகி இலையின்மேல் படிகிறது. ஆகையால்தான் அது கண்ணாடிபோல் வழுவழுப்பாயிராமல் இறகுபோல் கிளைத்து நிற்கிறது.

ஆனால் ஊரிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த எங்கள் கறிவேப்பிலைக் கன்று, நண்பகலுக்குள் வெந்த கீரைபோல் துவண்டு கறுத்துவிட்டது. இத்தனைக்கும் அதைப் பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றியே வைத்திருந்தோம். எதிர்வீட்டு ஹரியானா முதியவரை அனைவரும் ‘தாவூஜி’ என்றே அழைப்போம். அவர் வந்து பார்த்து, “பேட்டா, குளிருக்கு நீ போர்த்துவது கம்பளியா, பாலித்தீனா?” என்று கேட்டார்.

அன்றைய தினம் சப்தர்ஜங் நிலையத்தில் பதிவான குறைந்தபட்ச வெப்பநிலை 0.2 டிகிரி செல்சியஸ். பூஜ்யத்திற்கு மேலேயே இருந்தும் புல் உறைந்தது எப்படி? வானிலை நிலையத்தின் வெப்பமானி தரையிலிருந்து ஏறக்குறைய நான்கடி உயரத்தில் இருக்கிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில், பகலில் பெற்ற வெப்பத்தை மண்ணும் இலையும் வானத்தை நோக்கி இழந்துகொண்டேயிருக்கும். தரையோரம் அதைவிடச் சில டிகிரி தாழ்ந்துவிடும். மேகம் இருந்தால் அதுவே போர்வையாகும். காற்றடித்தால் மேலுள்ள சூடான காற்று கீழே கலக்கும். ஆகவே செய்தியில் மூன்று, நான்கு டிகிரி என்று சொல்லி, வானமும் நட்சத்திரங்களோடு தெளிந்து, இலை அசையாமலிருந்தால் அந்த இரவே அஞ்சத்தக்கது. டெல்லியில் இது அபூர்வமென்று எண்ணவேண்டாம். 2021 புத்தாண்டு தினத்திலும் அதே நிலையத்தில் 1.1 டிகிரிதான். ஹிஸார், சுரு பக்கத்தில் வாழ்வோருக்குச் சொல்லவேண்டியதேயில்லை.

எனவே செடிக்குச் சூடேற்றுவதல்ல, மண்ணிலுள்ள சூட்டை வெளியே விடாமற் காப்பதே நாம் செய்யவேண்டியது. மெல்லிய பாலித்தீன் அந்த வெப்பக்கதிரைப் பெரும்பாலும் தடுப்பதில்லை. இலையில் ஒட்டினால் ஒட்டிய இடமே முதலில் கருகும். பழைய பருத்தி விரிப்போ கோணிச்சாக்கோ நல்லது. நான்கு குச்சிகளை நட்டு, இலையில் படாதவாறு, தரைமட்டும் தொங்கும்படி, சூரியன் அஸ்தமிக்குமுன்னே போர்த்துங்கள். காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். தொட்டிகளானால் இன்னும் எளிது: பகலில் வெயில் படும் சுவரோரமாக, சன்ஷேடின் கீழே நெருக்கி வையுங்கள். தலைக்குமேல் வானம் மறைந்தாலே பாதி ஆபத்து நீங்கும்.

வட இந்திய விவசாயிகள் இதைப் ‘பாலா’ என்கிறார்கள். அந்த இரவுக்குமுன் வயலுக்கு இலேசாக நீர் பாய்ச்சுவார்கள். ஈரமண் உலர்ந்த மண்ணைவிட அதிக வெப்பத்தைத் தாங்கி வைக்கும். மா, பப்பாளிக் கன்றுகளுக்கு வைக்கோற்குடிசை கட்டி, காலை வெயில் புக தென்கிழக்குப் பக்கத்தை மாத்திரம் திறந்துவிடுவார்கள். புகைமூட்டமும் போடுவதுண்டு, நகரத்தில் குப்பை எரிப்பது தடைசெய்யப்பட்டது, நமக்கு அது வேண்டாம். நம் உதகை தாவரவியல் பூங்காவிலும் மலர் நாற்றுகளைக் கோத்தகிரி மிலார்ச் செடிகளால் மூடிக் காப்பது வழக்கம்.

எல்லாச் செடிக்கும் இத்தனை கவலை தேவையில்லை. வெந்தயக்கீரையும் முள்ளங்கியும் தாங்கிக்கொள்ளும். முட்டைக்கோசும் கேரட்டும் குளிரில் தங்களுக்குள் சர்க்கரையைப் பெருக்கிக்கொள்வதால் இனிப்பு கூடும். கறிவேப்பிலை, முருங்கை, வாழை, பப்பாளி ஆகியவையே நம்மைப்போல் வெப்பநாட்டுப் பிறவிகள்.

கருகியதைக் கண்டவுடன் கத்தரிக்கோலை எடுத்த என் கையைத் தாவூஜி பிடித்துக்கொண்டார். “ஹோலி வரைக்கும் தொடாதே” என்றார். கறுத்த இலைகளே கீழுள்ள தண்டுக்குப் போர்வை. இப்போது வெட்டினால் இளந்துளிர் கிளம்பி அடுத்த பனியில் அதுவும் போகும் என்று விளக்கினார். நகத்தால் பட்டையைச் சிறிது கீறச் சொன்னார். நுனியில் பழுப்பு, அடியில் பச்சை. உரம் இடாமல், மண் காய்ந்தபோது மாத்திரம் தண்ணீர் விட்டோம்.

மார்ச் இறுதியில், மண்ணிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் இரண்டு துளிர்கள் வெளிப்பட்டன. அவற்றுக்குச் சற்று மேலே வெட்டினோம்.