ஷூட்டிங் பார்க்க நிற்கும் பிள்ளைகள்

குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் சுந்தரபாண்டியபுரம் பக்கம் போனால், சூரியகாந்தி வயலோரம் வண்டியை நிறுத்திவிட்டுப் படம் எடுப்பவர்களைப் பார்க்கலாம். 1992-இல் வந்த மணிரத்னத்தின் ‘ரோஜா’வில் கதாநாயகியின் ஊரே இந்த ஊர்தான். 2005-இல் ‘அந்நியன்’ பாட்டுக்காக எம்.ஜி.ஆர்., சிவாஜி, ரஜினி, கமல் முகங்களைத் தீட்டிய பாறைக்கு ‘அந்நியன் பாறை’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இப்படிப்பட்ட ஊரில் பிள்ளைகளுக்கு சினிமா ஆசை வருவது இயல்பு. கேமரா பக்கம் முண்டியடிக்கிற பிள்ளை எப்படியும் யாரையாவது பிடித்து சான்ஸ் கேட்டுவிடும். எனக்குக் கவலையெல்லாம், கூட்டத்துக்குப் பின்னால் சைக்கிளைப் பிடித்தபடி நின்று, பேர் கேட்டாலே தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளையைப் பற்றித்தான். “வாயத் தொறந்து நாலு வார்த்தை பேச மாட்டான், இவனா நடிக்கப் போறான்?” என்று வீட்டிலேயே கதையை முடித்துவிடுவார்கள். ஆனால் ஒரே வசனத்தை அடுத்தடுத்த டேக்கில் நடிகர் எப்படி மாற்றிச் சொன்னார், எந்த இடத்தில் மூச்சு விட்டார் என்று விடாமல் கவனித்திருப்பது அந்தப் பிள்ளையாகத்தான் இருக்கும்.

தென்காசியிலிருந்து மதுரை சாலையில் போனால் வரும் ராஜபாளையத்தில் பிறந்தவர் விஜய் சேதுபதி. பள்ளியில் சுமாருக்கும் கீழான மாணவன், விளையாட்டிலும் மற்ற நிகழ்ச்சிகளிலும் நாட்டமில்லாதவன் என்று தன்னைப் பற்றி அவரே சொல்லியிருக்கிறார். பதினாறு வயதில் ‘நம்மவர்’ படத்துக்கு வாய்ப்புக் கேட்டுப் போனபோது, உயரம் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். பி.காம். முடித்தார், சிமெண்ட் வியாபாரத்தில் கணக்கு எழுதினார், சம்பளத்துக்காக துபாய் போனார், 2003-இல் திரும்பி வந்தார். அதன்பின் சென்னையில் கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் சேர்ந்தார், அங்கேயும் கணக்கராகத்தான். கணக்கு வேலைக்கு நடுவே நடிகர்களின் பயிற்சியைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். ‘புதுப்பேட்டை’, ‘வெண்ணிலா கபடிக்குழு’ என்று கூட்டத்தில் ஒருவராக வந்துபோன பிறகு, 2010-இல் சீனு ராமசாமியின் ‘தென்மேற்குப் பருவக்காற்று’ அவரைக் கதாநாயகன் ஆக்கியது. அந்த இடைப்பட்ட வருடங்களைத் தோல்வி என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை. அவர் பாடம் படித்த காலம் அது.

கூத்துப்பட்டறையை 1977-இல் ந. முத்துசாமி தொடங்கினார். புரிசைத் தெருக்கூத்தைக் கண்டு வியந்து, நவீன நாடகத்துக்கான உடல்மொழியை அதிலிருந்து எடுத்துக்கொண்டவர் அவர். சிலம்பம், கூத்தடவு, குரல் பயிற்சி என்று முதலில் உடம்பைத்தான் பழக்குவார்கள். பேசத் தயங்குகிறவனுக்கு இது பெரிய ஆறுதல். வாய் திறப்பதற்கு முன்பே கால் நிற்கக் கற்றுக்கொண்டுவிடும். பசுபதி, கலைராணி எல்லாம் அங்கே தயாரானவர்கள். குரு சோமசுந்தரம் 2002-இல் சேர்ந்து பல வருடம் உழைத்தார். அவர் ‘ஆரண்ய காண்டம்’ படத்தில் வெளியே தெரிந்தபோது 2011 ஆகிவிட்டது.

அத்தனை வருடம் சென்னையில் வாடகை கொடுத்துக் காத்திருக்க சுந்தரபாண்டியபுரத்துப் பிள்ளைக்கு வழியுண்டா? இன்று குறும்படம் ஒரு வழி. ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்த கார்த்திக் சுப்பராஜ், 2012-இல் விஜய் சேதுபதியை வைத்து ‘பீட்சா’ எடுத்தார். செல்போனும் இரண்டு சிநேகிதர்களும் போதும், சொந்தத் தெருவிலேயே தொடங்கலாம்.

நடிப்புக்கு இன்னும் பக்கத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. முத்துசாமி புரிசைக்குப் போய்த் தேடியது போன்ற செல்வம் நெல்லை, தென்காசிச் சீமையின் கோயில் கொடைகளில் கணியான் கூத்தாகவும் வில்லுப்பாட்டாகவும் விடிய விடிய நடக்கிறது. ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் அப்பாவாக நடித்துக் கலங்கவைத்த தங்கராசு இந்த மண்ணின் கூத்துக் கலைஞராக இருந்தவர்தான். பள்ளிக்கூடங்களும் ஊர்ப் பெரியவர்களும் நினைத்தால், விடுமுறையில் அந்தக் கலைஞர்களிடம் பிள்ளைகளை அனுப்பிவைக்கலாம். வில்லுப்பாட்டில் எடுத்த எடுப்பில் யாரும் வில்லடிக்க உட்காருவதில்லை. பின்பாட்டுக்காரர்களோடு உட்கார்ந்து, தாளம் தட்டி, கதை சொல்பவருக்கு ‘ஆமா’ போட்டால் போதும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு அந்த ஒரு சொல் முதல் வசனமாக இருக்கட்டும்.