குட்டி நாய் வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!

மலர் கைக்கு வந்ததும் குரூப் போட்டோவில் உங்கள் முகம் எங்கே என்று தேடியிருப்பீர்கள். கிடைத்ததா? சந்தோஷம். இப்படி உட்காருங்கள், கொஞ்சம் நாய்ப் பேச்சு பேசலாம்.

கேன்டீன் பெஞ்சில் அடிக்கடி காதில் விழுகிற வசனம் இது: "மாப்ளே, ஒரு குட்டி நாய் வாங்கணும்டா. சின்னதா, புசுபுசுன்னு, பார்த்தாலே ஆசையா இருக்கணும்." புசுபுசு எல்லாம் சரி. எந்த வீட்டுக்கு? எந்த வெயிலுக்கு? பார்த்துக்கொள்ளப் போவது யார்? இதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு போடுவோம். டிப்ளமோ 3 வருஷம். (லேட்டரல் என்ட்ரி நண்பர்களுக்கு 2. அரியர் நண்பர்களுக்கு... அது அவரவர் திறமை!) சிறிய இன நாய் ஒன்று நன்றாகப் பராமரித்தால் 12 முதல் 15 வருஷம் வரை இருக்கும். முதலாம் ஆண்டில் குட்டியைத் தூக்கி வந்தீர்கள் என்றால், அதற்கு மூன்று வயசு ஆவதற்குள் நீங்கள் திருப்பூரிலோ ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஷிப்ட் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கம்பெனி ரூமில் நாய்க்கு இடம் கிடையாது. மிச்சமிருக்கும் பத்து வருஷம் அதற்குச் சோறு வைக்கப் போவது அம்மா. ஆகவே நாய் வாங்கும் முன் முதல் இன்டர்வியூ அம்மாவிடம்தான். அதில் பெயிலானால் சப்ளிமென்டரி கிடையாது.

இரண்டாவது இன்டர்வியூ வீட்டுக்காரரிடம். நம்மில் பாதிப் பேர் லைன் வீட்டில் குடியிருக்கிறோம். ஒரே சுவர், இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். பக்கத்து வீட்டு அண்ணன் மில்லில் நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் படுப்பவராக இருப்பார். "ஏனுங் தம்பி, நாய் கீய்யெல்லாம் ஆகாதுங்க" என்று வீட்டுக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டால் அதோடு விட்டுவிடுவது நல்லது. ஒளித்து வைத்து வளர்க்க அது கோழிக்குஞ்சு இல்லை.

சரி, இரண்டு இன்டர்வியூவும் பாஸ் என்று வைத்துக்கொள்வோம். இனி எந்த இனம்?

இங்கே ஒருவர் மார்தட்டுவார்: "நம்ம மண்ணு நாய்தான்! ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை!" பெருமைதான், மறுக்கவில்லை. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால் தலையே வெளியிட்டார்கள். ஆனால் இவையெல்லாம் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்த பெரிய நாய்கள். ஓட இடம் வேண்டும். தோட்டத்துச் சாளையில் குடியிருக்கும் நண்பர்கள் யோசிக்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு ரூமில் சிப்பிப்பாறையைக் கட்டிப்போடுவது, ரேஸ் பைக்கை முதல் கியரிலேயே ஓட்டுவது மாதிரி. அதனால்தான் முதல் நாய்க்குச் சிறிய இனம் பக்கம் வருகிறோம்.

சிறிய நாய் என்றாலும் முதலில் பார்க்க வேண்டியது மூக்கு. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தின் அடியில் கொஞ்சம் வியர்ப்பதோடு சரி. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைக்கும்போது வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகி, உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஸ்பின்னிங் மில்லில் ஹ்யூமிடிபிகேஷன் பிளான்ட் பார்த்த டெக்ஸ்டைல் நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் ஆவியானால் காற்று குளிரும், அதே சங்கதிதான். மெக்கானிக்கல் நண்பர்கள் ரேடியேட்டர் என்று நினைத்துக்கொள்ளட்டும். நாயின் சாதாரண உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். அது 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. உடுமலையில் ஆடிக் காற்று அடிக்கும்போது பிரச்சினை இல்லை. சித்திரை மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, கரண்டும் போனால்? அந்த நேரத்தில் ரேடியேட்டர் ஒழுங்காக வேலை செய்தாக வேண்டும்.

இப்போது 'பக்' நாய்க்கு வருவோம். 2003-ல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு பையன் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போனதே, அந்தச் சப்பை மூக்கு நாய். அதன் பிறகு எங்கு பார்த்தாலும் 'ஹட்ச் நாய்' மோகம். ஹட்ச் வோடபோன் ஆகி, அந்தப் பெயரும் மாறிவிட்டது. நாயின் பட்டப்பெயர் மட்டும் இன்னும் போகவில்லை! குணத்தில் பக் தங்கம். குழந்தைகளோடு விளையாடும், அதிகம் குரைக்காது, சின்ன இடம் போதும். ஆனால் மண்டை எலும்பு குட்டையான அளவுக்கு உள்ளே இருக்கும் சதை குட்டையாகவில்லை. மேலண்ணச் சதை நீண்டு மூச்சுக்குழாயை மறைக்கிறது, மூக்குத் துவாரமும் இடுக்கு. "எங்க பக் மனுஷன் மாதிரி குறட்டை விடுது பாரு" என்று ரசிக்கிறோமே, பாதி நேரம் அது மூச்சுக்குத் திணறுகிற சத்தம். லண்டனில் உள்ள ராயல் வெட்டரினரி காலேஜ் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், மற்ற நாய்களைவிட பக்குகளுக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றும், இந்த மூச்சுக் கோளாறு மட்டும் 50 மடங்குக்கு மேல் என்றும் கண்டார்கள். குளிர்ந்த இங்கிலாந்திலேயே இந்தக் கதி. 2024-ல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், இங்கே பெருக்க வேண்டாம் என்று பட்டியலிட்ட இனங்களில் பக்கும் இருந்தது. அந்தக் கொள்கையைச் சுற்றி எழுந்த சர்ச்சை தனிக்கதை. என் கருத்தைக் கேட்டால், ஏ.சி. இல்லாத வீட்டுக்கு, முதல் நாயாக, பக் வேண்டாம்.

அடுத்து, நம் ஊரில் தெருவுக்கு இரண்டாவது இருக்கும் வெள்ளை 'பொமேரியன்'. ஒரு ரகசியம் சொல்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை பொமரேனியனே இல்லை! அசல் பொமரேனியன் இரண்டு மூன்று கிலோதான் இருக்கும், இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிடும். நம் வீடுகளில் இருப்பது ஐந்து கிலோவிலிருந்து பத்து கிலோ வரை வரும், கூர்மூக்கும் விறைத்த காதும் கொண்ட இந்தியன் ஸ்பிட்ஸ். கென்னல் கிளப் ஆஃப் இந்தியா இதைத் தனி இனமாகவே பதிகிறது. 1994-ல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' இந்திப் படத்தில் டஃபி என்று வந்து கல்யாணத்தையே மாற்றிவைத்ததே, அதுவும் இந்த ரகம்தான். வெள்ளைக்காரர் காலத்தில் வந்த ஐரோப்பிய ஸ்பிட்ஸ் நாய்களின் வழியில், தலைமுறை தலைமுறையாக நம் வெயிலிலேயே பிறந்து வளர்ந்தது. ஆகவே 'அசல் பொமேரியன்' என்று அதிக விலை சொன்னால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். 'வெறும் ஸ்பிட்ஸ்' என்றால் முகம் சுளிக்காதீர்கள். முதல் முறை வளர்ப்பவருக்கு அந்த வெறும் ஸ்பிட்ஸ்தான் உத்தமம். புத்திசாலி. வீட்டு ஆட்களோடு ஒட்டிக்கொள்ளும். சின்ன வீட்டுக்கும் பழகிக்கொள்ளும்.

குறையே இல்லையா? இருக்கிறது. குரைக்கும். பால்காரர், கேஸ்காரர், காற்றில் ஆடுகிற கொடித்துணி என்று எதைப் பார்த்தாலும் குரைக்கும். சிறு வயசிலேயே பழக்காவிட்டால் அந்த நைட் ஷிப்ட் அண்ணனிடம் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். முடி கொட்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று தரம் சீவ வேண்டும். வெயில் காலத்தில் பாவம் என்று மொட்டை அடிப்பவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். அதன் முடி இரண்டு அடுக்கு. வெயில் நேரே தோலில் படாமல் காப்பதும் அந்த முடிதான். சீவும்போது காது மடிப்பு, கழுத்து, கால்விரல் இடுக்கெல்லாம் உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளை முடிக்குள் உண்ணி ஒளிந்திருந்து காய்ச்சல் கொடுத்துவிடும். நாய் சோர்ந்து, சாப்பிடாமல், ஈறு வெளிறிக் கிடந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

டாஷ்ஹண்ட் என்கிற நீள உடம்புக் குட்டைக்கால் நாய் இன்னொரு பிரபலம். ஜெர்மனியில் வளைக்கரடியை வளைக்குள் புகுந்து பிடிக்க உருவாக்கியது. அந்தப் பழக்கம் விடாது, பெருச்சாளி வாசம் பட்டால் வாசலையே தோண்டிவிடும். முடி குட்டை, பராமரிப்பு சுலபம், மூக்கும் நீளம், அதனால் வெயிலைத் தாங்கும். பலவீனம் முதுகுத்தண்டு. தாங்கு தூண் இல்லாத நீளப் பீம் என்று சிவில் நண்பர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்! ஐந்து டாஷ்ஹண்டில் ஒன்றுக்காவது எப்போதாவது முதுகு டிஸ்க் பிதுங்கும். சில சமயம் பின்னங்கால் இரண்டும் விழுந்துவிடும். மாடியில் குடியிருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம். தரைத்தளமா, தாராளமாக. தூக்கும்போது முன்னங்காலைப் பிடித்துத் தூக்காமல், மார்புக்கும் பின்பக்கத்துக்கும் சேர்த்துக் கை கொடுங்கள். குண்டாகவும் விடாதீர்கள்.

ஷிட்ஸூ, லாசா ஆப்ஸோ பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: தினமும் தலை சீவ உங்களுக்கே நேரம் இல்லை, அதற்கு எப்படிச் சீவுவீர்கள்?

இன அட்டவணையில் இல்லாத ஒன்றும் உண்டு. உங்கள் தெருமுனையில் மூன்று நாலு குட்டி போட்டிருக்கிற நாட்டு நாய். வளர்ந்தால் பதினைந்து கிலோ வரை வரும், ஸ்பிட்ஸ் அளவு சின்னது இல்லை. ஆனால் இந்த வெயிலுக்கு அதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை, விலையும் இல்லை. பெட்டைக் குட்டியென்று யாரும் தொடாமல் விட்டதை எடுத்து வந்து, உரிய வயதில் கருத்தடை செய்துவிட்டால் வீட்டுக்கு நல்ல காவல். முறைவாசல் உள்ள தனி வீடு என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

வாங்கும் முறைக்கு வருவோம். காங்கேயம் காளை வாங்கப் போகிற நம் அப்புச்சியைப் பாருங்கள். பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், தாய் மாடு எது என்று கேட்பார். பேரன் என்னடா என்றால் செல்போனில் போட்டோ பார்த்து அட்வான்ஸ் அனுப்புகிறான்! குட்டியை அது பிறந்த இடத்திலேயே போய்ப் பாருங்கள். தாய் நாய் எங்கே என்று கேளுங்கள். "தாய் ஊர்ல இருக்குதுங்க" என்று இழுத்தால் வண்டியைத் திருப்புங்கள். கண்ணில் பீளை, மூக்கில் சளி, பின்பக்கம் அழுக்கு எதுவும் இருக்கக் கூடாது. 2017-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. முப்பது நாள் குட்டிதான் ஒட்டிக்கொள்ளும் என்பது வியாபாரிகள் கட்டிவிட்ட கதை. தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் விளையாடித்தான் எவ்வளவு பலமாகக் கடிக்கலாம் என்பதையே அது கற்றுக்கொள்கிறது.

தடுப்பூசி விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கு முதல் ஊசி, பிறகு மூன்று நாலு வார இடைவெளியில் அடுத்தடுத்து. பார்வோ வந்தால் ரத்தபேதியாகி இரண்டு மூன்று நாளில் குட்டி போய்விடும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு டாக்டர் சொல்கிறபடி மறு ஊசி, அதன்பின் வருஷாவருஷம். 'வீட்டு நாய்க்கு எதுக்கு ஊசி' என்பவர்களுக்கு ஒன்று: வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு மனிதனைக் காப்பாற்ற மருந்து இல்லை. கடித்தாலோ ரத்தம் வரப் பிறாண்டினாலோ, அது சொந்தக் குட்டியாகவே இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம்.

நம் பகுதிக்கென்றே ஒரு எச்சரிக்கை. குட்டி படுக்க பனியன் கட்டிங் வேஸ்ட் மெத்தென்று இருக்கும், எல்லார் வீட்டிலும் கிடைக்கும். ஆனால் நூல் பிரிந்து தொங்குகிற துணியைப் போடாதீர்கள். குட்டி நூலை விழுங்கினால் அது குடலைச் சுருக்குப்பை மாதிரி சுருட்டிவிடும். வாயிலோ பின்பக்கமோ நூல் நுனி தெரிந்தால் இழுக்கக் கூடாது, இழுத்தால் குடல் அறுபடும். அப்படியே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஓவர்லாக் மிஷின் வைத்திருக்கும் வீடுகளில் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

சாப்பாட்டுக்கு மலைக்க வேண்டாம். ஆனால் வெறும் தயிர்சாதத்தில் குட்டி வளராது, வேகவைத்த முட்டையோ கோழிக்கறியோ சேர வேண்டும். வெந்த கோழி எலும்பு, வெங்காயம், திராட்சை, சாக்லேட் நான்கும் ஆகாது.

டாக்டரைக் குட்டி வருவதற்கு முன்பே பார்த்து வையுங்கள். நமக்கு அந்தக் கவலை குறைவு. 2020-ல் நம் உடுமலைப்பேட்டையிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கிவிட்டார்கள். குட்டி வந்த முதல் இரண்டு மூன்று ராத்திரி தாயைத் தேடி அழும். தனியாக வாசலில் கட்டாமல், உங்கள் பாய்க்குப் பக்கத்தில் ஒரு அட்டைப் பெட்டியில் படுக்க வையுங்கள். குரல் கேட்டால் கையை மட்டும் உள்ளே விடுங்கள், அடங்கிவிடும். செமஸ்டர் எக்ஸாம் நடக்கும் வாரத்தில் மட்டும் அழைத்து வராதீர்கள்!