பார்த்தால் ஒட்டாது, தொட்டால்தான் ஒட்டும்!
‘மெட்ராஸ் ஐ’: கடை மருந்தால் கண்ணே போகலாம், உஷார்!

மழை பிடித்துக்கொண்டால் போதும், சென்னையில் கறுப்புக் கண்ணாடிக்கு மவுசு வந்துவிடும். பஸ்சில் ஒருவர் அதை மாட்டிக்கொண்டு ஏறினால், “அவரைப் பார்க்காதேடா, ஒட்டிக்கும்!” என்று தாய்மார்கள் பிள்ளையின் முகத்தைத் திருப்பிவிடுகிறார்கள்.

ஆனால், பார்ப்பதால் ‘மெட்ராஸ் ஐ’ ஒட்டவே ஒட்டாது!

1918-ல் சென்னையில் பரவியபோது இந்த நோய்க்கு ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டது. 1971-ல் கல்கத்தாவைக் கலக்கிய கண்நோய்க்கு, வங்க அகதிகள் வந்த நேரம் என்பதால், ‘ஜாய் பங்களா’ என்று பெயர். பெயர் எதுவானாலும் பரவும் வழி ஒன்றுதான்: கை!

பஸ் கம்பியில் ஆபத்து

கண்ணைக் கசக்கிய கை பஸ் கம்பியைப் பிடிக்கிறது. அதே கம்பியைப் பிடித்த அடுத்தவர் தன் கண்ணைத் தொடுகிறார். தீர்ந்தது கதை! பெரும்பாலும் இதற்குக் காரணமான ‘அடினோ வைரஸ்’ காய்ந்த இடத்தில்கூட நாள்கணக்கில் வீரியத்தோடு கிடக்கும்.

கறுப்புக் கண்ணாடி வெளிச்சக் கூச்சத்தைத் தணிக்கும். கை கண்ணுக்குப் போவதைக் கொஞ்சம் தடுக்கும். அவ்வளவுதான். நோய் பரவுவதை அது தடுக்காது.

வைரசா, பாக்டீரியாவா?

கண் சிவந்து, உறுத்தி, தண்ணீராகக் கொட்டினால் பெரும்பாலும் வைரஸ். மஞ்சளாகப் பீளை தள்ளி, காலையில் இமை ஒட்டிக்கொண்டால் பாக்டீரியாவாக இருக்கலாம். பாக்டீரியாவைக் கொல்லும் சொட்டு மருந்து வைரசிடம் பலிக்காது. வைரஸ் வகை ஓரிரு வாரத்தில் தானே அடங்கிவிடும். சிலருக்குக் கூடுதலாகவும் ஆகும்.

இங்கேதான் விபரீதம்! “கண்ணு சிவந்திருக்கு, ஒரு டிராப்ஸ் குடுங்க” என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்கள் ஏராளம். அதில் ‘ஸ்டீராய்டு’ கலந்திருந்தால் சிவப்பு சட்டென்று குறையும். குணமாகிவிட்டதாக நினைப்பார்கள். உள்ளே கண்ணின் அழுத்தம் ஏறலாம். வந்திருப்பது ‘ஹெர்பிஸ்’ வைரஸ் என்றால் கருவிழியே புண்ணாகிப் பார்வை பறிபோகலாம்! தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடுவதும் கூடாது.

என்ன செய்யலாம்?

சோப்புப் போட்டு அடிக்கடி கை கழுவ வேண்டும். துண்டு, தலையணை, கண்மை, சொட்டு மருந்து எல்லாம் அவரவருக்குத் தனி. பிள்ளைக்கு மருந்து விடுமுன்னும், விட்ட பின்னும் கை கழுவ வேண்டும். கண் சிவந்து நீர் வடியும்வரை பள்ளிக்கூடத்துக்கு லீவு.

கண் வலித்தாலோ, பார்வை மங்கினாலோ, வெளிச்சத்தையே பார்க்க முடியாவிட்டாலோ ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி இருக்கவே இருக்கிறது.

கண்ணாடிக்குக் கொடுக்கும் காசில் ஒரு சோப்பு வாங்கினால், வீட்டில் எல்லோருடைய கண்ணும் பிழைக்கும்!